நாலு இல்லாத கணக்கு

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேலே முதல் மாடி.
சனிக்கிழமை ஆறரை மணி.
வெயில் இறங்கிவிட்டது,
மொசைக் தரையில் இன்னும் இறங்கவில்லை.
செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள்.
பதினோரு ஜோடி தாறுமாறாய்க் கிடந்தன.
யாரும் கேட்காமலே குனிந்து
ஒவ்வொரு இடதையும் அதன் வலதோடு சேர்த்து வைத்தேன்.

என் வேலை அது.
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனி,
நாளுக்கு அறுநூறு ஜோடி.
நாக்கைத் தூக்கிப் பார்ப்பேன்,
பசை வழிந்திருக்கிறதா,
தையல் விட்டிருக்கிறதா,
ஒரே பெட்டிக்குள் ரெண்டு இடது போகிறதா.
பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட மாறவிட்டதில்லை.

இங்கே மாறுகிறது.
"வலது கால் பின்னாடி, ரேணுகா மேடம்"
என்கிறான் எபினேசர், இருபத்து நாலு வயசு.
எது வலது என்று
சோறு பிசையும் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒண்ணு ரெண்டு மூணு.
அஞ்சு ஆறு ஏழு.

நாலு எங்கே என்று கேட்டேன்.
"நாலைச் சொல்ல மாட்டோம் மேடம். அதுல நிக்கணும்."
எட்டையும் சொல்ல மாட்டார்களாம்.
காட்பாடியில் லைசென்சுக்கு
காலே ஊன்றாமல்
ஒரே தடவையில் எட்டு போட்டவள் நான்.

"மாத்துங்க" என்றால் ஆள் மாறும்.
கூட்டுறவு வங்கி தணிகாசலம் என் கையை
கையெழுத்து ஒத்துப்போகாத செக்கைப் போலப் பிடிப்பார்.
மேல்விஷாரம் இஜாஸ்
முதலில் ஸாரி சொல்லிவிடுவான்,
அப்புறம்தான் மிதிப்பான்.
ஆண்கள் குறைவு என்பதால்
பிசியோதெரபி படிக்கும் லால்ருவாதி
ஆண் பக்கம் நிற்கிறாள். மிசோரம்காரி.
தோள்பட்டைக்குக் கீழே அவள் கை
வலி எங்கே என்று தேடுவதுபோல் ஒட்டி இருக்கும்.
"அக்கா, நான் சொல்றதுக்கு முன்னாடி போறீங்க."

உண்மைதான்.
அஞ்சே முக்கால் கம்பெனி பஸ்ஸுக்கு
அஞ்சரைக்கே நிற்பேன்.
பால் பொங்கி நான் பார்த்ததே இல்லை.
கோர்ட்டில் எங்கள் பேரைக் கூப்பிடுமுன்பே
எழுந்து நின்றேன்,
அவர் உட்கார்ந்திருந்தார்,
டவாலி என்னையும் உட்காரச் சொன்னார்.

டான்ஸ் என்று கேள்விப்பட்டு அண்ணன் போன் பண்ணினான்.
திருப்பத்தூரிலிருந்து.
நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான்.
எண்ணிப் பார்த்தேன்.
ஒண்ணு ரெண்டு மூணு.
அஞ்சு.

மூன்றாவது சனிக்கிழமை அது நடந்தது.
மூணு முடிந்தது.
கால் அடுத்ததற்குத் தூக்கிக்கொள்ளவில்லை.
கீழே கம்ப்ரசர் உஸ்ஸென்று காற்று விட்டது.
மூக்கு நுனியில் வேர்வை
விழலாமா என்று நின்றது.
உடம்பின் கனம் ஒரு பக்கமாய்
மெதுவாய்ச் சாய்ந்துகொண்டிருந்தது,
நான் எதுவும் செய்யவில்லை.
அப்புறம் அவள் கை வந்தது.
போனேன்.
"ம்" என்றாள் லால்ருவாதி.
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கன்வேயரில்
முப்பத்தெட்டாம் சைஸ், கறுப்பு, இடது.
அது வரும்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.
தொடாமல் கடந்து போனது.
பரந்தாமன் சூப்பர்வைசர் "மேடம்?" என்றார்.
"என்ன?" என்றேன்.
பட்டர் பேப்பர் சுற்றி
வலதோடு பெட்டிக்குள் படுத்துவிட்டது.
எந்த ஊரிலோ ஒருத்தி போட்டுக்கொள்வாள்.
தையல் நன்றாகத்தான் இருக்கும்.
இல்லாவிட்டால், பாவம்,
மழையில் நடக்கும்போது தெரியும்.

சாயங்காலம் பஸ் ஆற்காட்டுப் பாலத்தில் ஏறியது.
கீழே பாலாறு
மறுபடியும் எட்டில் நின்றிருந்தது.

வருகிற வாரம் சுற்றக் கற்றுத் தருவார்களாம்.
தலை சுற்றுமென்று
இன்றைக்கே ரெண்டு எலுமிச்சம்பழம்
வாங்கி வைத்துவிட்டேன்.