தண்ணீர் ஊற்றுகிறவன்

இருபது பேர் இழுக்கும் கல்லில்
இருபத்தோராவது பாரம் நான்.
சறுக்குவண்டியின் மூக்கில் நின்று
மணலுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.
"நேற்று எத்தனை ரொட்டி தின்றாய், இபி?
கல் கனக்கிறதே" என்பான் தெஜி,
திரும்பிப் பார்க்காமல்.
திரும்பினால் கயிறு தளரும்.

ஆகவே எனக்கு இவர்களின் முகம் தெரியாது,
முதுகு தெரியும்.
(இரவில் புழுதியும் இருட்டும்
எல்லா முகத்தையும் ஒன்றாக்கிவிடும்.)
தெஜியின் தோள்பட்டையில் நீர்யானை கிழித்த தழும்பு.
மெஹுவின் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.
வடக்குச் சதுப்பிலிருந்து வந்த இரூக்காவுக்கு
வெயில் இன்னும் தோலை உரித்துக்கொண்டிருக்கிறது.

ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்பீர்கள்.
குறைந்தால், மணல் வண்டிக்கு முன்னால்
குட்டி மலையாகக் குவிந்து மறிக்கும்.
கூடினால் சேறு,
கட்டையைக் கவ்விக்கொண்டு விடாது.
நடுவில் ஓர் ஈரம் உண்டு:
பிடித்தால் உருண்டை நிற்கும்,
விரல் பட்டால் உதிரும்.
அதன்மேல் கல், கொழுப்புத் தடவிய மாதிரி போகும்.
அந்த ஈரத்தைக் கண்டுபிடிக்க
ஒரு வெள்ளக்காலம் முழுக்க ஆயிற்று எனக்கு.
கூடவே
மெஹுவின் இரண்டு கால்விரல்கள்.

"எதற்கு இதெல்லாம்?" என்றான் இரூக்கா
வந்த மூன்றாம் நாள், வெங்காயம் கடித்தபடி.

கணக்கெழுதும் கய் சொன்னான்:
அரசன் ஏறிப்போக.
மேகம் கிழிந்த இடத்தில் வெயில் சாய்ந்து விழுமே,
அந்தச் சாய்வைத்தான் கல்லில் செய்கிறோம்.
வடக்கே சாகாத நட்சத்திரங்கள் இருக்கின்றன,
ஒருநாளும் அடிவானத்தில் இறங்காதவை.
அவற்றோடு அவன் நிற்பான்.
அவன் நின்றால் ஆறு வரும்.

ரொட்டி சுடும் நுபெத் இருட்டிலிருந்து சிரித்தாள்:
ஆறு வந்து வயலை மூடிவிடுகிறது.
அந்த நாலு மாதம் உங்களைச் சும்மா விட்டால்
ஒருவன் மண்டையை ஒருவன் உடைப்பீர்கள்.
அதற்குத்தான்.

தெஜி சொன்னான்:
எங்கள் ஊரில் மாட்டின் வாலைத்தான் பார்த்திருக்கிறேன்.
இங்கே தொடைக்கறி போடுகிறார்கள்.

மெஹு கால் கழுவப் போய்விட்டான்.
என்னை யாரும் கேட்கவில்லை.

அறுவடைக்கு எல்லாரும் ஊர் போக
பதினோரு நாள் இருக்கும்போது
சாய்தளத்தின் முதல் திருப்பத்தில் கயிறு அறுந்தது.
கல் பின்னுக்குச் சரிந்தது, ஒரு முழம்தான்.
மெஹு ஆப்புக்கட்டையைச் செருகிவிட்டான்.
அந்த ஒரு முழத்துக்குள் இரூக்காவின் வலது கை இருந்தது.

வைத்தியன் எலும்பை இழுத்துப் பொருத்தி,
மட்டை வைத்து, தேனும் துணியும் சுற்றினான்.
கய் தன் சுருளைப் புரட்டி
"ரொட்டி நிற்காது" என்றான்.
அதைவிடப் பெரிய ஆறுதலை
அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அந்தக் கல்லை மறுநாள் ஏற்றினோம்.
சுண்ணச்சாந்து குழைத்து, நெம்புகோல் வைத்துத் தள்ளி,
நூல் பிடித்து, மறுபடி தள்ளி,
மயிரிழை போகாதபடி உட்கார வைத்தார்கள்.
அதன் பக்கத்தில் செங்காவியில் எங்கள் பெயர்:
விடியலின் காளைகள்.
கோணலான எழுத்து. ஒரு காளைக்குக் கொம்பு இல்லை.

கட்டுப்போட்ட கையோடு இரூக்கா பார்க்க வந்தான்.
"பெயர் உள்பக்கம் போகிறதே.
நாளைக்கு மூடிவிடுவார்கள். யார் படிப்பது?"
"அடுத்த கல்" என்றான் கய்.
கிண்டலா என்று தெரியவில்லை.
கய்யின் குரலில் எப்போதும் தெரியாது.

இழுக்க முடியாதவனை
எனக்குத் தண்ணீர் எடுத்துத்தரப் போட்டார்கள்.
இடது தோளில் குடம்.
வண்டியோரம் பின்னோக்கி நடந்து
என்னைப் பார்த்தபடி நீட்டுகிறான்.
மேல் பல் ஒன்று உடைந்திருக்கிறது.
இடது கண்ணின் ஓரத்தில் எள்ளளவு மச்சம்.
இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

"போதுமா?" என்கிறான்.
குனிந்து ஒரு பிடி மணல் அள்ளி
அவன் உள்ளங்கையில் வைக்கிறேன்.
மூடுகிறான். திறக்கிறான். விரலால் தொடுகிறான்.
முன்னால் பத்தொன்பது முதுகுகள் காத்திருக்கின்றன.

"இன்னும் கொஞ்சம்" என்கிறான்.