சலுகை

விடைத்தாள் திருத்தும் முகாம், மூன்றாம் நாள்.
மேல வெளி வீதிப் பள்ளியின் மாடியில் எட்டாம் அறை.
மின்விசிறி தாள்களைத் தூக்கப் பார்க்கிறது.
கனத்துக்கு ஆளுக்கொரு கருங்கல் சில்லு கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி முப்பத்தெட்டு. ஐந்து மதிப்பெண்.
சீனத் துறைமுகங்களில் அந்நியர் பெற்ற
சலுகைப் பகுதிகள் பற்றி எழுதுக.

விடைக்குறிப்பு தெளிவாக இருக்கிறது.
நான்கிங் உடன்படிக்கைக்கு ஒன்று.
ஐந்து துறைமுகங்களுக்கு ஒன்று.
சொந்தச் சட்டம், சொந்த நீதிமன்றம், ஒன்று.
ஷாங்காய் ஒன்று, தியான்ஜின் ஒன்று.
அபினி என்ற சொல்லுக்குத்
தனியாக எதுவும் கிடையாது.

காலையிலிருந்து
காண்டன் அமோய் பூச்சௌ நிங்போ ஷாங்காய்,
காண்டன் அமோய் பூச்சௌ நிங்போ ஷாங்காய்,
திருமங்கலம் விருதுநகர் சாத்தூர் கோவில்பட்டி என்று
மாட்டுத்தாவணியில் கூவுகிற மாதிரி
ஒரே மூச்சில்.

பிறகு இந்தத் தாள். பெயர் இல்லை, டம்மி எண்தான்.
'ஐயா' என்று தொடங்குகிறது.
நான் ஐயா இல்லை. அது போகட்டும்.

'ஐயா, சலுகை என்றால் எனக்குத் தெரியும்.
என் பஸ் பாஸில் எழுதியிருக்கிறது.
முத்திரை என் முகத்தில் பாதியை மறைத்திருக்கும்.
சலுகைக்குக் கேட்டு நிற்பவர் ஒருவர் வேண்டும்,
மனசு வந்து கொடுப்பவர் ஒருவர் வேண்டும்.
இதில் கேட்டவன் கப்பலில் பீரங்கியோடு வந்திருக்கிறான்.
ஆகவே கேள்வியில் சொல் தவறு.

தியான்ஜினில் ஒரே ஆற்றங்கரையில்
ஒன்பது நாட்டுக்காரர்கள் இருந்தார்கள்.
தெரு தாண்டினால் வேறு போலீஸ்.
ஊர் மதிலை இடித்து
அந்த இடத்தில் நாலு பக்கமும் ரோடு போட்டார்கள்.
எங்கள் ஊரிலும் அப்படித்தான்.
நான் விடியற்காலையில் பேப்பர் போடுவது
கீழ மாரட் வீதியில். அது அகழி.
நான் தினமும் அகழிமேல் சைக்கிள் ஓட்டுகிறேன்.'

அவ்வளவுதான். மிச்சப் பக்கம் வெள்ளை.

பக்கத்து மேஜை அல்போன்ஸா மேரி எட்டிப் படித்துவிட்டு
'ரெண்டு முறை படிச்சிட்டேன்' என்றாள்.
முதன்மைத் தேர்வாளர் தங்கமாயன் ஒருமுறை படித்தார்.
'நான்கிங் இருக்காம்மா?'
இல்லை.
'அஞ்சு துறைமுகம்?'
இல்லை.
'அப்புறம் என்ன?'

அப்புறம் என்ன.
நான்கிங்கில் கையெழுத்தான அதே நாற்பதுகளில்
இங்கே ஒரு கலெக்டர் சொன்னார்:
மதிலை இடிப்பவனுக்கே இடித்த நிலம்.
ஊர் கடப்பாரையோடு போனது.
போனவர்களுக்கும் அது சலுகையாகத்தான் கேட்டிருக்கும்.
ஒரு கொத்தளம் மிஞ்சியது,
பஸ் ஸ்டாண்டு பக்கம், போஸ்டர் ஒட்ட.

இந்தப் பிள்ளை எழுதாத ஒன்று உண்டு.
காண்டனுக்குப் போன கப்பல்களில்
மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள்.
மழையில் மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல்
வயல்வெளியில் வழி தவறி நின்றார்கள்.
அந்நிய ஊரில், அந்நியர் சம்பளத்தில்,
அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது
நெல் மட்டுமாக இருந்திருக்கும்.
மிதித்துத்தான் போயிருப்பார்கள்.
புத்தகத்தில் இது இல்லை.
பத்தொன்பது வருஷமாக
நானும் நடத்தியதில்லை.

குறிப்புப்படி ஒரு மதிப்பெண்.
தியான்ஜினுக்கு.
சிவப்பு மையில் ஒன்று போட்டு,
அடித்து, மூன்று போட்டு,
அடித்தலுக்குப் பக்கத்தில் விதிப்படி கையெழுத்திட்டேன்.
தங்கமாயன் என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்,
கட்டைக் கட்டச் சொன்னார்.
எந்தச் சுவரிலிருந்தோ வந்த கல்லைத்
திருப்பிக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மாரட் வீதிக்குள் திரும்பினேன்.
மாவு மில், பாத்திரக் கடை, நிற்காத ஹாரன்.
கால் வைக்குமுன்
சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.