ஐந்து அங்குலம்

விடியுமுன் துளைக்கருவியோடு வருவேன்.
மூன்று இடங்களில் துளையிட்டு
அளவுகோலை இறக்கிப் பார்ப்பேன்.
ஐந்து அங்குலம் இருந்தால் பச்சைக் கொடி,
இல்லையென்றால் சிவப்பு.
மில்வாக்கி நகரத்துக்குள் அகப்பட்ட இந்தச் சிறு காயலில்
குளிர்காலத்தின் அரசாங்கமே அவ்வளவுதான்.

பனிக்கட்டி பேசாது என்று யார் சொன்னது?
ஜனவரி இரவில் முறுக்கிக்கொள்ளும்.
யாரோ புதுத்துணி கிழிப்பதுபோல்
கரைக்குக் கரை ஒரு விரிசல் ஓடும்.
புதிதாய் வந்தவர்கள் அலறுவார்கள்.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
சின்னத் துளைக்குள் தூண்டிலை ஆட்டும்
சோங் நெங் வாங் நிமிரக்கூட மாட்டார்.
"வாயை மூடிக்கொண்ட பனிக்குத்தான் பயப்படணும்" என்பார்.

இந்த வருடம் ஒரு நாரை தெற்கே போகவில்லை.
மீன்கள் மூச்சுவிட நாங்கள் போட்ட குமிழிக்குழாய்
ஓர் அறையளவு தண்ணீரை உறையாமல் வைத்திருந்தது.
அதன் விளிம்பில், நாற்பது வாத்துகளின் சச்சரவுக்கு நடுவே,
கடன் வசூலிக்க வந்து
கதவு திறக்கும்வரை நகராதவன்போல் அது.

பிப்ரவரியில் திருவிழா.
குழாயை அணை, நாலே நாளில் உறைந்துவிடும்,
ஹாக்கிக்கு முழு மைதானம் வேண்டும் என்றது அலுவலகம்.

நாரை ஒற்றைக்காலில் நின்றது.
ஹாக்கிப் பிள்ளைகளும் ஒற்றைக்காலில் நின்றார்கள்,
எல்லோருக்கும் முன்னால் இட்செல், பதின்மூன்று வயது,
சறுக்குக் காலணியின் ஒரே விளிம்பில்.
நான் இரண்டு காலிலும் நின்றேன்.
யாருக்கும் பயனில்லாத நிலை அது.

பொய் சொல்ல மாட்டேன்,
மின்பெட்டியைத் திறந்தேன். விரல் பொத்தான்மேல் இருந்தது.
பிறகு மூடினேன்.
கருணை என்று யாத்விகா ஊரெல்லாம் சொல்கிறாள்,
காலணி வாடகைக் குடிலில், சூடான சாக்லேட்டோடு சேர்த்து.
கருணை இல்லை. நாரை என்னைப் பார்க்கக்கூட இல்லை.
அது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது,
அதற்குத் தெரிந்த ஒன்று அங்கே இருக்கிறது என்பதுபோல்.

மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கயிறு கட்டி மறித்தேன்.
கயிற்றைத் தாண்டிச் சறுக்கிய வில்லைகள்
ப்ளக், ப்ளக் என்று முழுகின.
"உன் கணக்கில் எழுதிக்கொள்" என்றாள் இட்செல்.
எழுதிக்கொண்டேன். இரண்டு முறை கடைக்கும் போனேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை நாரை இல்லை.

அப்புறம் வேறு வேலைகள்.
நடைபாதையில் வாத்தெச்சம் சுரண்டுவது.
சிவப்புத் தோள் கரும்பறவை
ஓடுகிறவர்களின் மண்டையில் கொத்துவதால்
நாணல் பக்கம் எச்சரிக்கைப் பலகை வைப்பது.
நான்காம் எண் மிதிபடகு
இடப்பக்கம் மட்டுமே திரும்பும்;
காதலர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

ஆகஸ்டில் தண்ணீர் இறங்கியது.
குழாயைச் சுற்றிச் சேறு வெளியே வந்தது,
சேற்றில் கறுப்புக் கறுப்பாய் வில்லைகள்.
இட்செல் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு
விரல் நீட்டி எண்ணினாள்: பதினெட்டு.

எங்கே, என்று நானும் எண்ணினேன்.
பதினேழுதான் வந்தது.

ஒன்று, நாலு கால் முளைத்து,
அவசரமில்லாமல்
தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.