கயிற்றுக்கு இப்பால்

மே மாதப் பக்கத்தில் நாற்பத்தொரு பெயர்கள்.
ஜூலையில் பதினாறு.
ஆகஸ்டுக்குக் கோடு போட்டு வைத்தேன்.
கோடுகள் மட்டும் இருக்கின்றன.

எபோலா வந்திருப்பதைப்
பதிவேட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
அது பாட்டுக்குக் கேட்கிறது:
எத்தனையாவது பிள்ளை,
கடைசித் தீட்டு எப்போது,
இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயா.

கர்ப்பங்கள் ஒன்றும் நின்றுவிடவில்லை.
சந்தை வழியில் பார்க்கிறேன்,
லாப்பாத் துணிக்குள் ஏழு மாதம், எட்டு மாதம்.
என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போகிறார்கள்.
எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது
என் குளோரின் வாடை.

"அங்கே போனால் பையில் கட்டித்தான் அனுப்புவார்கள்."
சொன்னவளின் மூன்று பிள்ளைகளையும்
இந்தக் கைகள்தான் முதலில் தொட்டன.
கோபமில்லை.
ஜூன் மாதம், கையுறைப் பெட்டி காலியான எட்டாம் நாள்,
வெறுங்கையால் பிரசவம் பார்த்தாள் நர்ஸ் ஜெப்பே.
அவளைப் பையில் கட்டியதை ஊரே பார்த்தது.

செப்டம்பர். விடாத மழை.
மோவா ஆற்றின் அக்கரையிலிருந்து
நியாந்தாவைத் தூளியில் தூக்கி வந்தார்கள்.
தூளி நனைந்திருந்தது. மழையால் மட்டுமல்ல.

காரணமற்ற ரத்தப்போக்கு உண்டா?
என்கிறது படிவம்.
காரணம் எனக்குத் தெரியும்,
படிவத்துக்குத் தெரியாது.
கெனெமாவிலிருந்து முடிவு வர இரண்டு நாள்.
அதுவரை ஆரஞ்சுக் கயிற்றுக்கு
அப்பால் அவள்.

கத்தினேன்.
முக்காதே, இப்போது முக்கு,
வயிற்றைத் தேய், இன்னும் கீழே,
அழுத்தி, பயப்படாமல் அழுத்தி
அவள் தங்கை யெமாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்.
என் சொல்லையெல்லாம் தன் கையால் செய்து பார்த்தாள்.
பிள்ளை வந்தது. அழுதது.
நஞ்சு வரவில்லை.
சொல்லை உள்ளே விட்டு அதை எடுக்க முடியாது.

நான் கயிற்றைத் தாண்டவில்லை.
இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் காகிதம் வந்தது:
தொற்று இல்லை.
"அப்படியென்றால்?" என்றார் அவள் புருஷன் பொக்காரி.
மடித்து
அவர் சட்டைப்பையில் வைத்தேன்,
விரல் படாமல்.

அக்டோபரில் ஒருத்தி வந்தாள்.
வேலிக்கு வெளியே நின்றாள். பெயர் சொல்லவில்லை.
ஒரு பிளேடு, கொஞ்சம் நூல்,
கேட்டது அவ்வளவுதான்.
குச்சி நுனியில் கட்டி நீட்டினேன்.
பிளேடு இரண்டாகவே வைத்தேன்.
வெந்நீரில் போடு,
கொதித்த பிறகு போடு, கொதித்த பிறகு என்று
அவள் முதுகு மறைந்த பின்னும்
சொல்லிக்கொண்டிருந்தேன்.