கீழ்த்தளம் மூன்று

கோம்பாக்கும் கிள்ளானும் கூடுமிடத்திலிருந்து
ஒரு கூப்பிடு தூரம்.
மேலே பதினெட்டு மாடி, காப்பிக் கடை, பல் மருத்துவர்,
அடகுக்கடையின் பச்சை நியான்.
கீழே மூன்றாம் தளத்தில்
நானும் இரண்டு பம்புகளும்.

இங்கே சுவர் வியர்க்கும்.
சிமெண்டு பூசினோம், ரப்பர் பூசினோம்,
ஜெர்மன் மருந்தென்று ஏதோ ஊசி போட்டார்கள்.
மூன்றாம் நாள்
அதே விரிசலில் அதே ஈரம்,
வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிற்பதுபோல்.

நில அளவைக்கு வந்த குவா மெய் யின்
கார் பேனட்டில் இரண்டு வரைபடங்களை விரித்தார்.
ஒன்று இப்போதையது. ஆறு
பள்ளிப் பிள்ளை அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.
மற்றது கையால் வரைந்தது, ஓரமெல்லாம் பூச்சி தின்றது.
அதில் ஆறு இடுப்பை ஒடித்துத் திரும்பி
சரியாக என் பம்பின் மேல் படுத்திருந்தது.
"வெள்ளத்துக்குப் பயந்து பிறகு நிமிர்த்திவிட்டார்கள்.
இந்தத் தூண்தான் அப்போதைய கரை.
சண்டை இங்கேதான்."

எந்தச் சண்டை?

பெரிய சண்டையில்லை. புத்தகத்தில் அரைப் பத்தி.
ஒரு மழை நாளின் விடியலில் தொடங்கி
மத்தியானச் சோற்றுக்குள் முடிந்துபோனது.
ஈயலம்பத்தில் யார் பங்கு யாருக்கு என்று
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்.
வெள்ளீயத்துக்காக வந்தவர்கள்
காரீயம் பட்டுச் செத்தார்கள்.
எங்கள் மொழியில் இரண்டும் ஈயந்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

மருந்து நனைந்து துப்பாக்கிகள் ஊமையானதும்
சங்குலைத் தூக்கினார்களாம்.
மண்ணை வெட்டிய அதே கை, அதே வீச்சு.
நடுவில் அரிசி ஏற்றி வந்த படகொன்று கவிழ,
இரண்டு பக்கமும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
மூட்டைகளைக் கைமாற்றிக் கரையேற்றினார்களாம்.
எண்ணி, பாதி பாதி பிரித்தார்களாம்.
பிறகு
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்களாம்.

இது அந்த அரைப் பத்தியில் இருக்கிறதா?
"இல்லை. எங்கள் வீட்டில் சொல்வது."
உங்கள் வீடு எந்தக் கரை?
தூணில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே
"ஒவ்வொரு சித்தப்பாவும் ஒரு கரை சொல்வார்" என்றார்.

கட்டட நிர்வாகக் கூட்டத்தில்
ஒரு பலகை வைக்கலாமென்று பேச்சு வந்தது.
ஜெயித்தவர் பேரைப் போட்டால் நாலாம் மாடிக்குக் கோபம்,
போடாவிட்டால் ஒன்பதாம் மாடிக்கு.
ஈயம் பூசினமாதிரியும் இருக்கணும்,
பூசாதமாதிரியும் இருக்கணும்.
கடைசியில் ஒரு பூந்தொட்டி வந்தது.

என் ஆட்கள் அந்தச் சண்டையில் இல்லை.
நான் தேடிப் பார்க்கவுமில்லை.
எங்கள் கப்பல் பின்னால் வந்தது,
வேறு கணக்கு, வேறு குழி.
ஆனால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை
அந்தத் தண்ணீர் என் பொறுப்பு.
பழைய ஆற்றை உறிஞ்சி, குழாயில் ஏற்றி,
புது ஆற்றில் ஊற்றுகிறேன்.
விடிவதற்குள் பாதி திரும்பி வந்துவிடுகிறது.

நவம்பரில் ஒரு ராத்திரி அடைமழை.
மானி சிவப்பைத் தொட்டது.
பொத்தான்மேல் விரலை வைத்தேன்.
அழுத்தவில்லை.
வடிகால் மூடியின் ஓட்டைகள் வழியே எழுந்து
தண்ணீர் சுண்ணாம்புக் கோடுவரை நடந்து வந்தது,
அவசரமில்லாமல்,
இடம் தெரிந்த ஆள் மாதிரி.
மஞ்சள் பெயிண்டில் எழுதிய எண்கள் முழுகின.
ஒரு மைவியின் டயர் பாதி நனைந்தது.
குழல்விளக்கு ஒடிந்து ஒடிந்து அதன்மேல் ஆடியது.
மூட்டை எதுவும் மிதந்து வரவில்லை.
அக்கரையிலிருந்து யாரும் கூப்பிடவுமில்லை.
பதினோரு நிமிடம்.
பிறகு அழுத்தினேன்.

காலையில் மைவிக்காரம்மா புகார் எழுதினார்.
ஹஷீம் துடைப்பத்தோடு வந்து
என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தான்.
பதிவேட்டில் மூன்று கட்டம்:
நேரம், நீர்மட்டம், தாமதத்துக்குக் காரணம்.
முதல் இரண்டும் உடனே நிரம்பின.
மூன்றாவதில் பேனா
மை காயும்வரை நின்றது.
உதறி, எழுதினேன்:
மழை.