ஙகரப் பக்கம்

அகர வரிசையில் பிரித்துவைத்த கடன் நோட்டில்
ங-வுக்கான பக்கம் பதினேழு வருஷமாய் வெள்ளை.
அந்த எழுத்தில் தொடங்கும் வாடிக்கை
புடு வட்டாரத்தில் யாருமில்லை,
ஙுன் தியால் வரும்வரை.

என் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், பள்ளி.
பெயர்ப்பலகை கிடையாது.
முப்பத்தொரு ஜோடிச் செருப்பு படிக்கட்டில் கிடக்கும்.
லாரி வந்து போன நாளிலிருந்து
அதையும் உள்ளே எடுத்துவிடுகிறாள்.

முதலில் ஐ.நா. அட்டையை நகலெடுக்கத்தான் வந்தாள்.
பிறகு கூட்டல், மலாய், ஆங்கிலம்,
தவளை வளரும் விதம்.
தாளுக்குப் பத்து காசு.
சம்பளம் வந்த மாதம் தருவாள்.
வராத மாதம்
“எழுதிக்கொள், காக்கா” என்பாள்.
மலாயில் அக்கா, தமிழில் காகம்.
இரண்டாகவும் இருந்தேன்,
பெரிய மனசுக்காரி என்ற நினைப்போடு.

ஒரு வியாழன் தாடையைப் பிடித்தபடி வந்தாள்.
கையில் தாள் இல்லை.
“ஒரு காலை நேரம் கடன் வேண்டும்.
பல்லைப் பிடுங்கணும்.
நாலு வருஷமாய் லீவு எடுத்ததில்லை.”

கடையைச் சாத்திவிட்டு ஏறினேன்,
மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள்.
ஒரே மின்விசிறி. முப்பத்தொரு முகம்.
“நேற்றைய தாளை எடுங்கள்.”
எடுத்தார்கள்.

என் இயந்திரம் போட்ட தாள்கள்.
ஒவ்வொன்றிலும் கடைசி வரி மட்டும்
நீல மையில், கையெழுத்தில்.

முன்வரிசை பியாக் லியான் சொன்னான்:
“உங்க மெஷின் அடிவரியைத் தின்னுடும்.
டீச்சர் ராத்திரி உட்கார்ந்து எழுதுவாங்க.”
எத்தனை நாளாய்?
“எப்பவும்.”

எப்பவும் பெருக்கல் முப்பத்தொன்று.
எனக்கு விடை வரவில்லை.
கடன் வாங்கியவள் குறை சொல்லக்கூடாது என்று
அவளுக்கு யார் சொன்னது?
நானாக இருக்கலாம்,
அந்த நோட்டை ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் சத்தமாய்த் திறந்து.

பதினொன்றரைக்குப் பஞ்சைக் கடித்தபடி திரும்பினாள்.
அவளால் பேச முடியாது.
நானும் பேசவில்லை.

இறங்கி வந்து மூடியைக் கழற்றி
கண்ணாடி ஓரம் சிக்கியிருந்த பிளாஸ்டிக் துண்டை
ஊக்கால் நெம்பினேன். ஐந்து நிமிஷ வேலை.
தவளையை மறுபடி ஓட்டினேன்.
வால் சுருங்கும், கரையேறும் என்ற வரி
முழுசாய் வந்து விழுந்தது, சூடாக.

ங பக்கத்தில் நாற்பத்திரண்டு வெள்ளி அறுபது காசு.
அடித்துவிடலாம், அவள் விடமாட்டாள்.
எதிர்ப் பக்கத்தில் என் பெயரை எழுதித்
தேதி போட்டேன்.

தொகை இன்னும் எழுதவில்லை.