ரெடி

பெண்ணையாறு தெருவுக்குள் வந்த இரவில்
காரை மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று
தனசீலன்தான் எடுத்தான்.
தண்ணீர் பம்பரைத் தொட்டது,
காற்று இழுக்கும் குழாயைத் தொட்டது,
ஒரே ஒரு டக்.
அதற்கப்புறம் வைப்பர் மட்டும்
யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து சர்வேயர் வந்தார்.
முட்டி மடங்காமல் குனிந்து பார்த்தார்.
வெள்ளத்தில் ஓட்டியது உரிமையாளர் குற்றம் என்று எழுதிப்
பேனாவைச் சட்டையில் மாட்டிக்கொண்டார்.
ஷோரூமில் சொன்ன தொகைக்கு
நெல்லிக்குப்பம் பக்கம் அரை மனை வாங்கலாம்.

நான் சிப்காட்டில் சாயக் கம்பெனி லேபில் இருக்கிறேன்.
என்ஜின் தெரியாது.
அளவு தெரியும், லேபிள் தெரியும், கையுறை தெரியும்.

பின்சீட்டுக்குக் கீழே இருநூறு வோல்ட்.
நல்லவேளை, ஆறு மூக்கோடு நின்றுவிட்டது.
ஆரஞ்சுப் பிளக்கை உருவி
என் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்,
வேறு யாரும் செருகிவிடக் கூடாதே.
பத்து நிமிடம் ஒருவரும் எதையும் தொடவில்லை.
அதற்குள் எதிர்வீட்டு டிவியில் ஒருத்தி
பாயசத்தில் எதையோ கலக்கித் தானே குடித்துவிட்டாள்.
மீட்டர் வைத்தேன். பூஜ்யம்.
இன்னொரு முறை வைத்தேன்.

போல்ட்டுகள் சாம்பிள் பாட்டில்களுக்குள் போயின.
'இன்வெர்ட்டர், இடது, நீளமானது.'
'மவுண்ட், வலது, மரை தேய்ந்திருக்கிறது.'
'எது என்று தெரியவில்லை. ஞாயிறு, மதியம் 2.40.'

செயின் பிளாக் முதுநகர் துறைமுகத்திலிருந்து வந்தது.
விசைப்படகுக்கு என்ஜின் இறக்கும் வீரப்புத்திரன்
தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார்.
கண்ணிக்குக் கண்ணி மீன் செதில்.
பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து
"இதுல எதும்மா என்ஜின்?"
காட்டினேன்.
"இம்மாந்தானா? மீதியெல்லாம்?"
"இது தூங்கும்போது அது இழுக்கும்."
"எங்க ஊட்டுலயும் அப்படித்தான்" என்றார்,
எது யார் என்று சொல்லாமல்.

பழையது மேலே வந்து தொங்கியது.
வயிற்றில் எலுமிச்சை நுழையும் ஓட்டை.
உள்ளே கனெக்டிங் ராடு
வாடிய வெண்டைக்காயாக வளைந்து கிடந்தது.
தனசீலன் அதை எடுத்து
வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.
"ரிவர்ஸ் எடுத்திருக்கணும்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன்.
கொடுத்தான். அது பன்னிரண்டு.

இன்னொன்று புதுப்பேட்டையிலிருந்து கோணி சுற்றி வந்தது.
நாலு ஞாயிறு.
அரை மில்லிமீட்டருக்காக ஒரு சாயங்காலம் முழுக்க
அதைக் கெஞ்சினோம், திட்டினோம், ஆட்டினோம்.
கரண்ட் போன நேரத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது.

பிளக்கைச் செருகினேன். பட்டனை அழுத்தினேன்.
'ரெடி' என்று பச்சையாக எரிந்தது.
சத்தமே இல்லை.
தெருவில் நின்ற பதினோரு பேரும்
துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல
என்னைப் பார்த்தார்கள்.
"ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றேன்.
வீரப்புத்திரன் பானெட்டில் காதை வைத்துக்
கையை விரித்தார்.
பேட்டரியில் ஆறு கோடு இருந்தது.
அது ஏன் வரும்?

பந்தயம் கட்டியவர்கள் கலைவதற்குள் கிளம்பினோம்.
மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும்
டயர் சத்தம், தனசீலனின் மூச்சு.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது
காலடியில் மெல்லிய நடுக்கம்.
யாரும் கூப்பிடவில்லை.
டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பவனைப்போல.
"வந்துடுச்சு."

சிக்னலில் அணைந்தது.
இருவரும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தோம்.
பச்சை விழுந்ததும் மறுபடி வந்தது.

இப்போது மூவாயிரம் கிலோமீட்டர்.
கதவுப் பையில் அந்தப் பாட்டில் இன்னும் இருக்கிறது,
ஞாயிறு மதியம் 2.40, ஒற்றை போல்ட்.
என்ஜின் தூங்கும்போது மட்டும்
அது உருள்வது கேட்கும்.